நாற்பத்தொரு விநாடி

பதினோராவது ஒலிப்பதிவில், பதினெட்டாம் நிமிடத்தில் ஓர் அழுகை வருகிறது. 'தாய் அழுகிறார், 41 விநாடி' என்று போன மாதம் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். இறந்து பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் பேட்டி எடுப்பது என் ஆய்வு. பிரசவ வார்டில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவள் எதையும் தாங்குவாள் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும்தான்.

இன்று சரிபார்க்க மறுபடி கேட்டேன். அழுகைக்கு நடுவே அந்தத் தாயின் குரல். "சிஸ்டர், தண்ணி குடிங்க. அழாதீங்க சிஸ்டர்."

அழுதது நான். என் அழுகை எனக்கே அடையாளம் தெரியாமல், அதையும் அவள் தலையில் கட்டியிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய்ப் போட்டுக் காட்டினேன்.

"இத வெட்டிடும்மா. ஆராய்ச்சி பண்றவளே அழுதா யார் மதிப்பா?"

"வெட்டிட்டா நான் அழலன்னு ஆயிடுமா மேடம்?"

"மத்தவங்களும்தான் பண்றாங்க. மனச கல்லாக்கிக்கோ."

பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வுக்கு அனுமதி கேட்டு நான் எழுதிய படிவத்தை அவர் முன்னால் விரித்தேன். தாய்மாரின் மனநலத்தைக் காக்க மூன்று பக்கம்: பேட்டியைப் பாதியில் நிறுத்தலாம், மனநல ஆலோசகரின் தொலைபேசி எண் அச்சிட்ட அட்டை தருவோம், மறுவாரம் அழைத்து விசாரிப்போம். கடைசியில், ஆய்வாளருக்கான பாதுகாப்பு என்ற இடத்தில் ஒரே சொல். பொருந்தாது.

"இப்படி எழுதச் சொன்னது யாரு மேடம்?"

"கையெழுத்து உன்னோடதுதானே?"

அன்று அவர் சொன்னார், நான் யோசிக்காமல் எழுதினேன். கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. ஆனால் அவர் மேல் இருந்தது கொஞ்சமும் குறையவில்லை.

"எனக்கும் பேச ஒரு ஆள் ஏற்பாடு பண்ற வரைக்கும் அடுத்த பேட்டி எடுக்க மாட்டேன்."

"அப்போ இந்த வருஷம் பட்டத்த மறந்துடு."

"மறந்துட்டேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் பேட்டி அறைக்கு வந்தேன். தட்டச்சுப் பிரதியில் 'தாய்' என்பதை அழித்து 'ஆய்வாளர்' என்று அடித்தேன். தாய்மாருக்குக் கொடுக்கும் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அந்த எண்ணை அழைத்தேன். ஆலோசகர்தான் எடுத்தார்.

"வணக்கம்மா. நீங்க ஆய்வுல எத்தனையாவது தாய்? பேட்டியில உங்களுக்குக் குடுத்த வரிசை நம்பர் சொல்லுங்க."

எனக்கு யாரும் நம்பர் கொடுக்கவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

எதிர் நாற்காலியில் உட்காரும் தாய்க்காக எப்போதும் தள்ளி வைக்கும் தண்ணீர் டம்ளரை என் பக்கம் இழுத்தேன்.