மூடியே இருந்த கண்ணாடி

அக்கா மறுபடியும் காரை விளக்குக் கம்பத்தில் முட்டிவிட்டாள். ஏசி போட்டால் தலை கனத்துக் கண் சொருகுகிறதாம். தம்பி கையோடு சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். கார் ஏசி பழுதுபார்ப்பதுதான் அவன் பிழைப்பு. காரணம் தெரியாமல் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை அவளை உயிரோடு பார்க்க முடியாதென்று பயந்துபோயிருந்தான்.

போன வருடம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அக்கா புருஷன், மச்சானின் கார் அது. கிழட்டு வண்டிதான், ஆனால் குளிரில் குறைவில்லை. கேஸ் அளவு சரி, கம்ப்ரஸர் சரி. ஃபில்டரில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். தலையைச் சொறிந்தான்.

எதுவும் பிடிபடாவிட்டால் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வான். மீட்டர் காட்டாததைக் காது காட்டும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அன்றும் ஷெட்டுக்குள் அப்படித்தான் உட்கார்ந்தான். காற்று சீறியது. இதமாக இருந்தது. மடியில் கிடந்த கையைத் தூக்கவே தோன்றவில்லை. அப்போது காலியாக இருந்த பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"கண்ணாடிய இறக்கு மாப்ள."

சளி கட்டின, அவசரப்படாத குரல். அவனை அப்படிக் கூப்பிட மச்சானை விட்டால் ஆளில்லை.

எப்படி இறக்கினான், எப்படி வெளியே வந்து விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்த பிறகுதான் புத்தி தெளிந்தது. என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தான். என்ஜினோடு புகைக்குழாய் சேருமிடத்தில் மயிரிழை விரிசல், சுற்றிலும் கரி. அதற்கு நேர் மேலே, ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் துவாரம். அதன் மூடி துருப்பிடித்துத் திறந்தே நின்றது. ஆளைத் தூங்கவைத்தே கொல்லும் புகை இத்தனை நாளும் அக்காவின் முகத்துக்கு நேரே வீசிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, கார்ல உனக்கு ஏதாச்சும் குரல் கேக்குமா?"



"உங்கிட்டயும் பேசினாராடா?" அழுகையும் சந்தோஷமுமாகக் கேட்டாள். "கண்ணாடிய இறக்கு, இறக்குன்னு தினமும் கெஞ்சுவாரு."

"அப்புறம் ஏன்க்கா இறக்கல?"

"ஒரு நாள் இறக்கினேன். பேச்சு சட்டுன்னு நின்னுபோச்சு. அதுலேருந்து மூடியேதான் வெச்சிருக்கேன். வண்டிய இன்னிக்கே குடுத்துடுறியாடா?"