அரை நாள் வேலை

இனி எல்லா இடத்திலும் எல்லாருக்கும் அரை நாள்தான் வேலை என்று அரசாங்கம் அறிவித்தபோது, எங்கள் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அதிகம் குதித்தவன் நான்தான். மேற்பார்வையாளன் குதிக்காமல் வேறு யார் குதிப்பது? "ஊரே படுத்துடும் சார். பாதி நேரத்துல பாதி பாட்டில்தான் வரும்" என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னேன்.

ஊர் படுக்கவில்லை. தபால் அலுவலகமும் துணிக்கடையும் மதியத்தோடு கதவை அடைத்தன. நாலு நாள் முணுமுணுத்துவிட்டு எல்லாரும் காலையிலேயே போய்வரப் பழகிக்கொண்டார்கள். தொழிற்சாலையில் புதிதாக ஆள் சேர்த்து ஷிஃப்டைப் பிரித்தார்கள், உலை எப்போதும்போல எரிந்தது. பாட்டிலும் குறையவில்லை. அரட்டை, வெட்டி மீட்டிங், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்த நடை, இவைதான் குறைந்தன. என் முகத்தில்தான் கரி.

சிக்கல் வீட்டில் முளைத்தது. என் மனைவி பக்கவாதத்தில் படுத்திருக்கிறாள். வலது பக்கம் அசையாது, பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அவளைக் கவனித்துக்கொள்ள வரும் பெண்ணுக்கும் இப்போது அரை நாள்தான். நான் மதியம் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் தன் பிள்ளைகளிடம் போய்விடுவாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறதே.

படுத்திருக்கும் ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ள நாள் பூராவும் எதற்கு என்று நினைத்தேன். தொழிற்சாலையில் கற்ற பாடத்தை வீட்டில் இறக்கினேன். உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிட்டுக் கூடத்தில் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "தண்ணியா? ஃபேனா?" என்று நானே முடித்துவைப்பேன். அதில் பெருமை வேறு.

பிறகு என் மனைவி என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். காலையில் அந்தப் பெண் கையால் வாங்கிக்கொள்வாள். நான் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கன்னம் ஒட்டிப்போனது. "ஒரு வேளைச் சாப்பாட்டுல உடம்பு தாங்காது. இப்படியே போனா மூக்குல குழாய் போட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. பயம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உன்கிட்ட மட்டும் சாப்பிடறாளே, என்னம்மா மந்திரம் போடறே?" என்று அந்தப் பெண்ணிடம் சீறினேன்.

"மந்திரமா? போங்கண்ணா. ஒரு வாய் குடுப்பேன். எங்க மாமியார் பண்ற கூத்தைச் சொல்லுவேன். அக்கா சிரிச்சு, முழுங்கி, பதிலுக்கு ஏதாச்சும் சொல்லுவாங்க. அதுக்குள்ள ஆறிடும், மறுபடி சூடு பண்ணுவேன். இழுக்கத்தான் செய்யும்."

அன்று மதியம் கிண்ணத்தோடு போய், நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டேதான் ஊட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்ன பேசுவது? கட்டிய மனைவியிடம் பேச ஒரு விஷயம் இல்லாமல் திணறினேன். கடைசியில், புதிதாகச் சேர்ந்த ஒருவன் எங்கள் மேனேஜரை வாட்ச்மேன் என்று நினைத்து கேட்டைத் திறக்கச் சொன்ன கதையைச் சொன்னேன்.

அவளுடைய இடது கை விரிப்பின்மேல் அசைந்தது. உதடு பிரிந்தது. "தண்ணியா?" என்று நுனிநாக்கு வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். சொல் வரவில்லை. நெற்றி சுருங்க அவள் முயன்றுகொண்டே இருந்தாள். கிண்ணத்தில் இருந்தது ஆறிப்போனது. நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு..." என்றாள். வெகுநேரம் கழித்து, "லீவா?"

மூன்று மாதமாக நான் தினமும் மதியத்திலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.

அவள் முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

"ஆமாம்மா. லீவுதான்."

அவள் வாயைத் திறந்தாள்.