நூறு வாட் எங்கே போகிறது

தெருவில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் ஏறியதும் கரண்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் மாடியில், கட்டிலையொட்டி ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷின் ஒருமுறை கூவிவிட்டு அடங்கியது. மூக்கில் குழாயோடு தலையணைகளில் சாய்ந்திருந்தார் டீச்சரின் கணவர். கல் அறுக்கும் பட்டறையில் பாதி ஆயுளுக்குத் தூசி குடித்த நுரையீரல் அவருக்கு. மெஷின் நின்றால் ஒரு வாய் சோறுகூட இறங்காது.

அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரும் மதியத்துக்குள் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. நாத்தனார் ஆம்புலன்ஸுக்குப் போட்ட போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"படகு வந்தாத்தான் வருவாங்களாம். எப்பன்னு கேட்டா, லைன்ல இருங்கன்னு சொல்றான் பாவி!"

கீழ்வீட்டு ஏசி மெக்கானிக்தான் ஓடி வந்தார். மேட்டில் நின்ற அவருடைய வேனில் பேட்டரி இருந்தது, கையில் இன்வெர்ட்டரும் இருந்தது. பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் பெட்டி அது. மழையில் நனைந்துவிடக்கூடாதென்று பெட்டியைக் கட்டிலடியில் வைத்து, பேட்டரியிலிருந்து ஜன்னல் வழியாகப் பெட்டி வரைக்கும் வயர் இழுத்தார். வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு மேலே வந்து சுவிட்சைப் போட்டார்.

மெஷின் உறுமியது. நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கை இறங்குவதற்குள் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே கீச்சு.

"பேட்டரி செத்துப்போச்சு டீச்சர். வேற எங்கயாவது கேட்டுப் பாக்கிறேன்."

"எங்க போய்க் கேப்பீங்க தம்பி? தெருவே முங்கிக் கிடக்கு. முதல்ல அளந்து பாருங்க."

அவர் வேன் பேட்டரியில் மீட்டரை வைத்துக் கீழிருந்து கத்தினார். "பதிமூணரை!" மேலே வந்து பெட்டியின் வாயில் வைத்தார். மெஷின் உறுமிய அந்த ஒரு நொடியில் முள் விழுந்தது. "பத்து புள்ளி ரெண்டு." வயரைக் கவ்விப் பிடித்த மீட்டர் முப்பது ஆம்பியர் காட்டியது.

கணவரின் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் எண்பத்தொன்று என்றது. உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டது.

எத்தனை வகுப்புகளுக்கு நடத்திய பாடம்! ஆனால் உள்ளங்கையில் பேனாவை வைத்ததும் டீச்சருக்குத் தலை காலியாகிவிட்டது. இங்கே பதிமூன்றரை, அங்கே பத்து புள்ளி இரண்டு. நடுவில் காணாமல் போனது மூன்று புள்ளி மூன்று வோல்ட். முப்பதை அதனால் வகுத்தாள். ஒன்பது ஓம் வந்தது. வயருக்கு ஒன்பது ஓமா? தலைகீழாக வகுத்திருக்கிறாள். கோடு போட்டு அடித்தாள். வோல்ட்டைத்தான் ஆம்பியரால் வகுக்க வேண்டும். புள்ளி ஒன்று ஒன்று ஓம். துளியூண்டு தடை. ஆனால் அதில் முப்பது ஆம்பியர் ஓடுகிறதே! மூன்று புள்ளி மூன்றை முப்பதால் பெருக்கினாள். கிட்டத்தட்ட நூறு வாட். அவ்வளவும் வயரிலேயே சூடாகிப் போகிறது.

வயரைத் தொட்டாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் சூடேறியிருந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. வழியிலயே வயர் தின்னுடுது. தடி வயர் இருக்கா?"

"கடையில இருக்கு. கடை தண்ணிக்குள்ள இருக்கு."

எண்பது. எழுபத்தெட்டு. நாத்தனார் கட்டிலில் கிடந்த தன் தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். "ஏதாவது செய்யேன்! படிச்சவதானே நீ!"

அந்தச் சொல் குத்தியது. காரணம் தெரிந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நினைத்து அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மெஷினின் முதுகிலிருந்த சீட்டைப் பார்த்தாள். இருநூற்று முப்பது வோல்ட், முந்நூறு வாட். முந்நூறை இருநூற்று முப்பதால் வகுத்தால் ஒன்றே கால் ஆம்பியர் சொச்சம். முப்பது இல்லை! அவ்வளவு குறைவாக ஓடினால் வயர் தின்ன ஒன்றுமிருக்காது.

"தம்பி, பெட்டியைத் தூக்குங்க! வேனுக்குள்ள வைங்க! பேட்டரிக்குப் பக்கத்துலயே குட்டி வயரா மாட்டுங்க. அங்கிருந்து இதே வயர்ல வீட்டுக் கரண்டா மேல வரட்டும்."

"மழையில இருநூத்து முப்பதா? ஷாக் அடிச்சா ஆளே காலி டீச்சர்."

"ஜாயின்ட் எல்லாத்தையும் டேப் சுத்துங்க. வேற வழி இல்ல தம்பி."

ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தவர், பெட்டியை அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். டீச்சர் ஜன்னலில் நின்று, டேப் சுற்றிய வயரை ஈரம் படாமல் குடைக்கடியில் பிடித்துக்கொண்டாள். பின்னால் கணவர் மூச்சுக்குத் தவிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று திரும்பவேயில்லை.

"போடுங்க டீச்சர்!"

மெஷின் உறுமியது. கீச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வயரைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

எழுபத்தொன்பது. எண்பத்துநாலு. எண்பத்தொன்பது வந்தபிறகு கணவர் கண்ணைத் திறந்தார்.

"இப்ப... என் மூச்சு... டீசல்ல ஓடுதா?"

"பேசாம இருங்க" என்று அதட்டினாள். மூக்குக் குழாயைச் சரிசெய்தாள்.

நிம்மதி வெகுநேரம் நிலைக்கவில்லை. டீசல் முள் இறங்கியது, வெள்ளம் ஏறியது. மெக்கானிக் முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி, உயர்த்திக் கட்டிய பெட்டியை ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தார். வேனின் பாதிச் சக்கரம் முங்கிய பிறகுதான் படகு வந்தது. வந்தவர்கள் படகிலிருந்த சிலிண்டரை மாட்டி, கணவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

"ஆஃப் பண்ணட்டுமா டீச்சர்?" கீழேயிருந்து குரல் வந்தது.

ஜன்னலிலிருந்து தலையை ஆட்டினாள். பிறகு படகில் ஏறி, கணவரின் குளிர்ந்த பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வந்தார். நுரையீரல் இனி தேறாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அது அவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். வேனின் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, அதைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மாமா எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.