மஜீத் சேர் என்ன சொல்றார்?

பக்கவாதம் வந்த பிறகு அப்துல் மஜீத் பேசுவது அவருடைய மனைவி நஜ்முன் நிஸாவுக்கு மட்டும்தான் விளங்கியது. மற்றவர்களுக்கு அது வெறும் முனகல். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும் பிள்ளைகள்கூட, "உம்மா, வாப்பா என்ன சொல்றார்?" என்றுதான் கேட்பார்கள்.

அதனால் அவள் வீட்டைவிட்டு அசைய முடியாதவளானாள். சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தார்கள். மஜீத் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கரண்டி கஞ்சியைக்கூட விழுங்க மறுத்தார். மத்தியானமே அந்தப் பெண் போய்விட்டாள். நிஸா கடைக்குப் போய்த் திரும்பினால் அவர் அழுதுகொண்டு கிடப்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது மட்டும் ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு கட்டிலிலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்கும்.

இருவரும் ஒரே கல்லூரியில் படிப்பித்தவர்கள். அந்தக் கல்லூரிக்கு நூறு வயதாகப் போவதாகவும், பழைய கழகங்களைப் பற்றியும் ஆசிரியர்களின் விளையாட்டைப் பற்றியும் ஒரு படம் எடுப்பதாகவும் சொல்லிக்கொண்டு, இப்போது அங்கே படிப்பிக்கும் அர்ஷாக்கும் தனுஷிகாவும் ஒரு பின்னேரம் வந்தார்கள். அர்ஷாக் கைத்தொலைபேசியைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினான்.

"சேர்தான் ஆசிரியர் கரப்பந்தாட்ட அணிக்குக் கப்டனா இருந்தவர் எண்டு எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

மஜீத்தின் முகம் மலர்ந்தது. அவர் பேசப் பேச நிஸா சொல்லிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கல்லூரி விட்டதும் வலை கட்டியது, துறைமுக ஊழியர் அணியைத் தோற்கடித்தது, கல்லூரி அதிபரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவராக நின்றது. கழகங்களையும் அவர் மறக்கவில்லை. முத்திரை சேர்ப்போர் கழகம், நாடகக் கழகம், வானொலிக் கழகம். வானொலிக் கழகப் பிள்ளைகள் ஒரு பழைய றேடியோவைத் திருகித் திருகி, கப்பல்காரர்கள் பேசிக்கொள்வதைப் பிடித்துக் கேட்பார்கள். அந்தக் கழகத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் நிஸா. மஜீத் அதைச் சொல்லவில்லை. அவளும் தன் வாயால் சேர்க்கவில்லை.

"டீச்சர்மாரும் விளையாடினவங்களா, சேர்?" என்று தனுஷிகா கேட்டாள்.

மஜீத் ஒரு பக்க வாயால் சிரித்தார். "பொம்பிளைகள் எங்க விளையாடின? தோடம்பழம் வெட்டித் தந்தவங்க" என்றார்.

நிஸா அவருடைய கண்ணைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சேர் என்ன சொல்றார், டீச்சர்?"

"விளையாடினவங்களாம்" என்றாள் நிஸா. "ஆசிரியைகளுக்கு ஒரு வலைப்பந்தாட்ட அணி இருந்ததாம். சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு விளையாடுவாங்களாம். நஜ்முன் நிஸா எண்டு ஒருத்தி வளையத்துக்குக் கீழ கோல் போட நிண்டா, ஏ.எல். பிள்ளைகள் வகுப்பை விட்டுட்டு வந்து பார்ப்பாங்களாம்."

மஜீத்தின் சிரிப்பு நின்றது. அவர் ஏதோ சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"கலியாணத்துக்குப் பிறகு நான்தான் அவளை மைதானத்துக்கு விடல்ல எண்டு சொல்றார்."

மஜீத் நல்ல கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். தனுஷிகா பயந்துபோனாள். "சேருக்குக் கோவமா?"

"இல்ல. பழைய ஞாபகம் வந்தா இப்பிடித்தான்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று இரவு மஜீத் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப்போயிற்று. தான் செய்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடியில் எங்கோ ஒரு சந்தோஷமும் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

காலையில் அவர்தான் முதலில் பேசினார். "நான் எங்க அப்பிடிச் சொன்னனான்?"

"சொன்னீங்க. கலியாணம் முடிஞ்ச புதுசில, குசினி வாசல்ல நிண்டு. இனி ஆம்பிளைகள் பாக்க ஓட வேணாம் எண்டு."

அவர் யோசித்தார். அது நினைவுக்கு வந்ததா என்று முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

"நேத்து நான் சொல்லல்ல."

"ஓம். நேத்து நீங்க சொல்லல்ல."

"என்ட வாய் உன்னட்டதான் இருக்கு, நிஸா" என்றார். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. "அதையும் நீ எடுத்தா நான் என்ன செய்ய?"

அவள் அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டு வெளியே வந்து அர்ஷாக்குக்கு அழைப்பெடுத்தாள்.

"தம்பி, அந்தக் கடைசிக் கதையை வெட்டிப்போடுங்க. அது சேர் சொன்னதில்ல. நான் சொன்னது."

"அப்ப அது நடக்கல்லையா, டீச்சர்?"

"நடந்தது. ஆனா அவர் சொல்லல்ல."

"அப்ப நீங்களே விழாவுக்கு வந்து மேடையில சொல்லுங்களன்."

"எனக்கு வர ஏலாது" என்று வழக்கம்போல் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். "பாப்பம்" என்றாள்.

விழா நாளன்று அடுத்த வீட்டு ரிஸ்லாவைக் கட்டிலருகே இருத்தினாள். மஜீத் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். "இவளுக்கு நான் சொல்றது ஒண்டும் விளங்காது!"

"விளங்காட்டிக் கையைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்து, முச்சக்கரவண்டியில் ஏறிவிட்டாள்.

மைதானத்தில் நாலைந்து பழைய ஆசிரியைகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மேடையில் அவள் அணியைப் பற்றியும் வானொலிக் கழகத்தைப் பற்றியும் சொன்னாள். அணியை ஏன் விட்டாள் என்பதையும் சொன்னாள். இந்த முறை தன் பெயரிலேயே சொன்னாள். பிறகு பிள்ளைகள் பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கோ கைப்பைக்குள் கைத்தொலைபேசி அடிக்கிறதா என்பதில்தான் கவனம். கஞ்சி புரைக்கேறியிருக்குமோ, மூச்சு முட்டுதோ என்று மனம் கட்டிலடியையே சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டாள்.

மஜீத்தின் சட்டையில் கஞ்சி கொட்டிக் காய்ந்திருந்தது. கோப்பையோ காலி.

"சாப்பிட்டாரா?"

"ஓம் மாமி. முதல்ல சண்டை பிடிச்சார். பிறகு பசிச்சிருக்கும்போல. ஆனா ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்றார். எனக்கு விளங்குதில்ல."

நிஸா குனிந்து கேட்டாள். வந்திட்டாளா, வந்திட்டாளா என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திட்டன்" என்றாள். ஈரத்துணியால் அவர் நெஞ்சைத் துடைத்தாள்.

வெகுநேரம் கழித்து அவர், "கோல் போட்டியா?" என்றார்.

"இல்ல. வெளிய போச்சு."

"பழக்கமில்லாமப் போச்சு" என்றார். குத்திக்காட்டுவதுபோல இல்லை. தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

ரிஸ்லா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நிஸா எழுந்து அவளிடம் போனாள். "வாற கிழமையும் ஒருக்கா வந்து இருப்பியா, மகள்? கொஞ்ச நேரம் கடற்கரைப் பக்கம் நடந்திட்டு வரப்போறன்."

"வேணாம், வேணாம்" என்றார் மஜீத் கட்டிலிலிருந்து.

ரிஸ்லா தயங்கி நிஸாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம் எண்டுதான் சொல்றார்" என்றாள் நிஸா. "நீ வா."