பதினாலாம் போர்ட்டின் மேல் விழுந்த பழி

கீழ்த்தளத்து சர்வர் அறையில், கணினிகளை இணைக்கும் ஸ்விட்சில், கேபிள் செருகுகிற பதினாலாம் போர்ட்டின் பிழை எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். கேபிள் தரையை ஒட்டித் தொங்கியது. "கூட்டுற பொம்பள துடைப்பத்தால இடிச்சுட்டா" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார். மத்தியானம் அறிக்கை போனால் கூட்டுகிற அக்காவுக்கு வேலை கிடையாது.

அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவள் இளம் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் முதல் பட்டதாரி. பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கித்தான் அம்மா அவளைப் படிக்க வைத்தாள். துடைப்பத்தை யார் குறை சொன்னாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேற்பார்வையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஊதுகுழல். டீயை ஊதுவார், கீபோர்டை ஊதுவார், பேச வருகிறவன் முகத்திலும் ஊதுவார்.

"சார், பிழை காட்டுது, சரி. அது இந்த ஒயரோட பிழைன்னு யார் சொன்னா? திரையில பக்கத்துக் கட்டத்தையும் பாருங்க."

"நேத்து மொளச்ச காளான், எனக்குப் பாடம் எடுக்குதா?"

"காளானுக்குக் கண்ணு நல்லா தெரியுது சார்."

வழியில் கெட்டுப்போன தகவல் பொட்டலத்தை முதலில் பார்க்கிற ஸ்விட்ச், அதன் வாலில் 'கெட்டது' என்று குறிபோட்டு அடுத்த ஸ்விட்சுக்கு அனுப்பிவிடும். முதல் கட்டம், வந்த கெட்ட பொட்டலங்கள் எல்லாவற்றின் கணக்கு. அடுத்த கட்டம், குறியில்லாமல் வந்தவை மட்டும். அதாவது இந்த ஒயரிலேயே கெட்டவை. பதினாலில் முதல் கட்டம் லட்சம், அடுத்தது சுழி. கெட்டது வேறு எங்கோ.

அந்த ஒயர் போய்ச் சேருவது மாடி அறை ஸ்விட்சுக்கு. அக்கா அங்கே போனதே இல்லை. சாவி ஊதுகுழலின் இடுப்பில்.

முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார். அவள் பழைய எண்களை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தாள். மாடி ஸ்விட்சின் ஆறாம் போர்ட்டில் இரண்டு கட்டமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறின. இங்கேதான் கெடுகிறது.

அந்தக் கேபிளைக் கழற்றி, முனையைப் பெரிதாக்கிக் காட்டும் பரிசோதனைக் கருவியில் வைத்தாள். திரையில் அது தட்டளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எண்ணெய் பிசுக்கேறிய விரல் ரேகை. அதன்மேல் காய்ந்து ஓரம் வெளுத்த எச்சில் பொட்டுகள். அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதை யார் சார் கடைசியா கழட்டுனது?"

"நான்தான், ரெண்டு வாரம் முன்னாடி. தூசியா இருந்துச்சு. ஊதி, சட்டையில தொடச்சு மாட்டுனேன். அதுக்கென்ன?"

"உள்ள இருக்கிறது மயிரிழையை விடச் சன்னமான கண்ணாடி இழை சார், தகவல் வெளிச்சமா போற வழி. அதுல துப்பி வச்சிருக்கீங்க."

திரையைப் பார்த்தார். குரல் தணிந்தது. "சரி, தொடச்சுரு. கவுண்ட்டரை அழிச்சுரு. கையெழுத்தைப் போடு. அவ போனா இன்னொருத்தி வரப்போறா. உன் நிரந்தர ஆர்டர் என் மேசைலதான் கெடக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

எச்சிலைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை.

படத்தைச் சேமித்துக்கொண்டாள். அதற்கென்றே இருக்கிற துடைப்பானால் முனையைச் சுத்தம் செய்து மாட்டினாள், எண்களை அழித்தாள், மறுபடி பத்து நிமிடம் உட்கார்ந்தாள். மாடியிலும் சுழி, பதினாலிலும் சுழி. அவர் எழுதிய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி, படத்தோடு மேலிடத்துக்கே அனுப்பினாள்.

தாழ்வாரத்தில் அக்கா வாளியோடு நின்றிருந்தாள்.

"நான் பண்ணலன்னு எழுதிட்டியாம்மா?"

"யார் பண்ணாங்கன்னும் எழுதிட்டேன்க்கா."

"ஐயோ, உன் வேலை?"

"பாத்துக்கலாம்க்கா."

பின்னால் யாரோ டீயை ஊதும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவப் போனாள்.