கல்வத்துக் கதவு

என்ட மனிசன் ஆதம்பாவா கெட்ட ஆளில்ல. கெட்ட ஆளெண்டா நாலு ஏச்சு ஏசிப்போட்டு உம்மா ஊட்ட போயிருப்பன். நல்ல மனிசனோட மல்லுக்கட்டுறதுதான் பெரிய கரைச்சல்.

ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்ட அண்டு காலையில, அவர் எங்கட பின்னறையில கல்வத்து இருந்தார். நாப்பது நாள் தனிச்சிருந்து அல்லாஹ்ட பேர ஓதி திக்ரு செய்ய வேணுமெண்டு அவர்ட ஞானகுரு ஷெய்கு சொல்லி, தானே வந்து கதவச் சாத்திட்டுப் போனவர். "நான் வந்து திறக்கிற மட்டும் வெளிய வரப்படாது" எண்டது ஷெய்குட கட்டளை. சோத்துக் கோப்பையக் கொண்டுபோய்க் கதவடியில வைக்கிறது நான். எனக்கோ நிறைமாசம், குனியவும் ஏலா.

துறைமுகத்தில எண்ணெய்த் தாங்கி பத்தி எரியுது, ஓடெல்லாம் ஆடுது, அடுத்த ஊட்டுச் சனம் அல்லாஹ்வே எண்டு ஓடுது. பின்னறைக்குள்ள மட்டும் "லாஇலாஹ இல்லல்லாஹ்" ஒரே சீரா வருது. ஒருபக்கம் பெருமையாவும் இருந்திச்சு. மறுபக்கம் கதவ உதைச்சு உடைக்கலாம் போலயும் இருந்திச்சு.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. என்னோட கூடப்பொறந்த காக்கா சரீப் மூதூரிலிருந்து வள்ளத்தோட வந்திட்டார். பொழுதுசாய முந்தி குடாவக் கடந்திர வேணும், திரும்பவும் குண்டு போடுவானுகள் எண்டு ஊரே சொல்லுது எண்டார். நான் சாத்தின கதவத் தள்ளிக் கேட்டன், இவர் வரமாட்டாராம். உள்ளுக்கிருந்தே தலைய ஆட்டினார்.

நான் ஜும்ஆ முடிய மௌலவிட்டப் போனன். இந்தியாவில ஓதிட்டு வந்தவர். வந்து கதவடியில நிண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க எண்டு கெஞ்சினன். அவர் எனக்குப் பயான் பண்ணத் தொடங்கிட்டார். கல்வத்து மார்க்கத்தில இல்லாத புதுசாம், பித்அத்தாம். உங்கட ஷெய்கு நேத்தே மாட்டுவண்டி கட்டிக் கந்தளாய்ப் பக்கம் போயிட்டார் தெரியுமா எண்டு சிரிச்சார். எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு. நபியவங்க ஹிறாக் குகையில தனிச்சிருக்கல்லயா எண்டு கேட்டன். அது நபிப்பட்டத்துக்கு முந்தியாம். முந்தியோ பிந்தியோ, வாறீங்களா இல்லயா? ஷெய்குக்குப் பின்னால போற தரீக்காக்காரன்ட ஊட்டுப் படி மிதிக்க மாட்டாராம். நான் மார்க்கத் தீர்ப்பு, பத்வாவா கேட்டன்? ஒரு ஆளைத்தானே கேட்டன்.

ஊட்டுக்கு வந்து ஷெய்கு ஓடின கதைய இவருக்குச் சொன்னன். "அதில ஒரு கருத்து இருக்கும்" எண்டார். பாருங்க இந்த மனிசன! ஷரீஅத்துச் சட்டம் முதல், தரீக்கத்து ஞானவழி பிறகு எண்டு உங்கட ஷெய்குதானே சொல்லித் தந்தவர், பெண்டாட்டி புள்ளயக் காப்பாத்துறது பர்ளுக் கடமை, இது விரும்பினாச் செய்யிற நபில்தானே எண்டு தொண்டை கிழியக் கத்தினன்.

அவர் கண்ண மூடிக்கொண்டு மெல்லமாச் சொன்னார்: "ஷெய்குட கையில சீடனான முரீது, செத்தவனக் குளிப்பாட்டுறவன்ட கையில மையித்து மாதிரி. மையித்துத் தானா எழும்புமா, றஹ்மா?"

போய் வளையலக் கழட்டினன். வெள்ளச் சேலை உடுத்தன். பாயக் கொண்டு வந்து அந்த அறைக்குள்ளயே விரிச்சுச் சுவரப் பாத்து இருந்திட்டன்.

கொஞ்ச நேரத்தில திக்ரு நிண்டிச்சு.

"என்ன இது?"

"புருசன் செத்தவளுக்குரிய இத்தா இருக்கன். மையித்தெண்டு நீங்கதானே சொன்னீங்க. வயித்தில இருக்கிறது பொறக்கிற மட்டும் நான் இந்த ஊட்ட விட்டு அசைய ஏலா. காக்காவ வள்ளத்தக் கொண்டு போகச் சொல்லுங்க."

அவர் என்ட வெறுங்கையப் பாத்தார். வயித்தப் பாத்தார். வாய் கோணிச்சு.

"நான் உசிரோடதானே இருக்கன், றஹ்மா."

"அப்ப எழும்புங்க."

எழும்பினார். கால் மரத்துப்போய் என்ட தோளப் பிடிச்சுக்கொண்டுதான் கடற்கரைக்கு நடந்தார். ஷெய்குக்கு என்ன மறுமொழி சொல்லுவன் எண்டு ஒருக்காக் கேட்டார். வள்ளத்தில ஏறினவுடன திரும்பவும் திக்ரத் தொடங்கிட்டார். அத விடச் சொல்லி நான் எப்ப கேட்டனான்?