தெரிஞ்சா கையைத் தூக்கு

என் முன்பல்லில் மோதியது வள்ளியூர் டீம்காரி ஒருத்தியின் முழங்கால். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கபடியில் முழங்காலுக்குக் கண் கிடையாது. பல் உடையவில்லை, ஆடவும் இல்லை. நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் விழுந்தேன், புள்ளியும் எங்களுக்கே. ஆனால் நாளாக ஆக அந்தப் பல் மங்கி, பழைய அலுமினியச் சட்டியின் நிறத்துக்கு வந்தது. வீட்டில் சண்டை அப்போதுதான் ஆரம்பித்தது.

எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில். அம்மா இசக்கித்தாய்க்கு நூல் மில்லில் வேலை. யாரிடம் பேசினாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். பஞ்சுத் தூசிக்குள் நின்று பழகிய பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். கோபம் வந்தால் மட்டும் அந்த முந்தானைக்குப் பின்னாலிருந்து பஸ் ஹாரன் கேட்கும்.

"ஏட்டி சுகன்யா, இனி கபடின்னு வாசப்படி தாண்டுன, காலை ஒடிச்சுருவேன். பல்லு பழையபடி வெளுக்கட்டும், அப்புறம் போ."

"அது எப்பம்மா வெளுக்கும்?"

"நகம் கறுத்தா விழுந்து புதுசு வரலியா? அதுமாரி பல்லும் தானாச் சரியாவும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கெட."

ஆவணியில் பாளையங்கோட்டையில் பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். கல்லூரியில் எனக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அதற்கப்புறம் என்னை யார் ஆட விடப்போகிறார்கள்? பல் தானாக வெளுக்காவிட்டால் நான் வெளுக்க வைக்கிறேன் என்று கிளம்பினேன். உமிக்கரியையும் உப்பையும் குழைத்து, அண்டாவைத் துலக்குகிற மாதிரி காலையும் மாலையும் தேய்த்தேன். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. பல் அசரவில்லை.

கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போகப்போகிறேன் என்றேன். தனியாக விட்டால் மைதானத்துக்கு ஓடிவிடுவேனாம், அம்மாவும் கூடவே பஸ் ஏறினாள்.

டாக்டர் ஞானசௌந்தரி என் வாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "என்னத்தப் போட்டுத் தேச்ச?"

சொன்னேன்.

"ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்க அழுக்கை வெளிய நின்னு தொடைச்சா போவுமா? அடிபட்டதுல உள்ள ரத்தம் கசிஞ்சு கறை எறங்கியிருக்கு. நீ தேச்சது மேல் எனாமலை. அது தேஞ்சா திரும்ப வளராது."

"நகம் முளைக்குல்லா?" என்றாள் அம்மா, முந்தானைக்குள்ளிருந்து.

"பல்லு நகம் இல்லக்கா. உள்பக்கமா லேசாத் தன்னைத் தானே பூசிக்கும், அவ்வளவுதான். அதுக்கும் நரம்பு உயிரோட இருக்கணும்."

பஞ்சில் ஏதோ குளிர்ந்த மருந்தைப் பீய்ச்சினார். "பல்லுல வைப்பேன். தெரிஞ்சா கையைத் தூக்கு."

நல்ல பல்லில் வைத்ததும் என் கை துள்ளியது. கறுத்த பல்லில் வைத்தார். என் கை மடியிலேயே கிடந்தது. தூக்க ஆசையாக இருந்தது. தூக்க ஒன்றுமில்லை.

"செத்துப் போச்சா?"

"இப்பமே சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில வேர் நல்லாத்தான் இருக்கு. அடிபட்ட நரம்பு கொஞ்ச காலம் மயங்கிக் கெடக்கும். முழிச்சாலும் முழிக்கும். ஆடி கழிஞ்சு வா. நடுவுல ஈறுல சீழ்க் கொப்புளம் வந்தா மட்டும் அன்னைக்கே ஓடி வந்துரணும்."

கொப்புளம் என்றதும் அம்மா முந்தானையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். எனக்கு என் கவலை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆடி முழுக்கச் சாரல். அம்மா மில்லுக்குப் போனதும் நான் ஆற்று மணலில் ஓடினேன், மூச்சடக்கிக் கபடி பாடிப் பழகினேன். முடிந்ததும் தாமிரபரணித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துக்கொண்டு நிற்பேன். மற்ற பல்லெல்லாம் கூசும், அது மட்டும் கல். முழிடி, முழிடி என்று அதைத் திட்டுவேன். தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி ஓடுவேன்.

ஆடி கழிந்து போனோம். அதே நாற்காலி, அதே பஞ்சு.

சுருக்கென்று மண்டை வரை ஏறியது. கை தானாகப் பறந்து மேலே இருந்த விளக்கில் இடித்தது. "ஆ" என்று நான் கத்திய கத்தலில் அம்மா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைய என்ன செய்யுதீங்க?"

"வலிக்கும்மா! வலிக்கு!" என்று சிரித்தேன். வலித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"நரம்பு முழிச்சுக்கிட்டுது," டாக்டரும் சிரித்தார். "நிறம் மாறுனா மாறும், மாறாட்டியும் உயிர் இருக்கு. பல்லுக்கு ரப்பர் காப்பு மாட்டிக்கிட்டு நல்லா ஆடு. அப்பப்ப வந்து காட்டு."

"ஆடக் கூடாது. இன்னும் வெளுக்கலல்லா?" என்றாள் அம்மா.

டாக்டர் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்த அவசரத்தில் முந்தானை நழுவியிருந்தது. அவள் முன்பல் ஒன்று என்னுடையதைவிடக் கறுப்பு. அதன்மேல் ஈறில் ஒரு கொப்புளம்.

"அக்கா, நீங்க இங்கன உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. சூட்டுக் கொப்புளம். வரும், போவும்."

நான் நாற்காலியைவிட்டு இறங்கி அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். எதிரணி ஆளை அமுக்குகிற பிடிதான், திமிற முடியவில்லை.

"கல்யாணத்துக்கு முன்ன சைக்கிள்ல இருந்து விழுந்தேன்," என்றாள் கூரையைப் பார்த்தபடி. "தானா வெளுக்கும், அதுவரைக்கும் வாயைத் தொறக்காதன்னு எங்கம்மை சொன்னா."

எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டு போட்டோ ஒன்றில்கூட அம்மா சிரித்ததில்லை. அந்த முந்தானைக்குக் காரணம் மில்லும் இல்லை, பஞ்சும் இல்லை. கூடவே இருந்துகொண்டு இத்தனை வருஷம் நான் என்னத்தைப் பார்த்தேன்?

டாக்டர் பஞ்சை அந்தப் பல்லில் வைத்தார். "தெரிஞ்சா கையைத் தூக்குங்க."

அம்மாவின் கை மடியில் கிடந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"எப்ப வைப்பீங்க?" என்று கேட்டாள்.

நரம்பு என்றைக்கோ செத்துவிட்டது, வேரில் சீழ் தங்கியிருக்கிறது, ரூட் கேனால் செய்தால் பல் நிற்கும், பிறகு உள்ளேயிருந்து வெளுக்கவும் வைக்கலாம் என்றார் டாக்டர். அம்மா கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டும்வரை வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பொத்தி வச்சு ஒண்ணும் சரியாவலயேட்டி," என்றாள். அப்புறம், "ஆவணியில எந்தத் தேதி?"

டாக்டர் ரூட் கேனாலை ஆரம்பித்தது ஆள் எடுத்த அன்று காலையில். வேறு நாள் பார்ப்போம் என்று நான் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன உதட்டோடு நேரே மைதானத்துக்கு வந்து, என் பையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றாள்.

காப்பை மாட்டிக்கொண்டு பாடினால் எனக்குக் கபடி 'கவழி' ஆகிவிடுகிறது. பரவாயில்லை. கடைசியாகப் பாடிப் போனபோது ஒருத்தி காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பை. மண்ணில் விழுந்தேன். மூச்சு முடியப்போகிறது, நடுக்கோடு ஒரு முழம் தள்ளி இருக்கிறது.

"விடாதட்டி! இழு! இழுத்துட்டு வா!"

எங்கள் வீட்டு ஹாரன்தான். ஆனால் நடுவில் முந்தானை இல்லை. பை கீழே கிடந்தது, இரண்டு கையும் தலைக்குமேல். உதடு மரத்திருந்ததால் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை போல. கறுத்த பல் மைதானத்துக்கே தெரிந்தது.

இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டேன்.

பட்டியலில் என் பெயரை வாசித்தபோது காப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கை பழக்கத்தில் முந்தானையைத் தேடிப் பாதி தூரம் மேலே வந்தது. அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டாள்.